கெம்பிக்கு வைத்த பத்தியம்

கோவிந்தப்பா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அம்புஜத்தின் கல்யாணப் பேச்சில். அம்புஜம் என் சின்னம்மா மகள். சின்னம்மாவுக்குப் பிறந்த ஐந்தில் கடைசி. எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பெரிய மாமா ஜீவனஹள்ளியில் சின்னம்மா வீட்டுக்கு வந்து, ஒரு வரன் இருக்கிறது, பீன்யாவில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் ஓட்டுகிற பையன், குடி கிடையாது, பெயர் கோவிந்தப்பா என்றார். கன்னடக்காரரா என்று சின்னம்மா கேட்டாள். இல்லை, நம்ம ஆட்கள்தான், குடியாத்தத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்படி எழுதியது அப்படியே நின்றுவிட்டது என்று மாமா சொன்னார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்புஜம் முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "இப்பவே அப்பாவாமே. நான் போயி இன்னா செய்யறது?"

அப்படிச் சிரிக்க வைக்கிற பெண்தான் அவள். அவரோ வாயைத் திறக்காத மனிதர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. சம்பளத்தை வீட்டில் கொடுப்பார், கை நீட்டமாட்டார். ஆனால் எதையும் கேட்கமாட்டார். சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்கமாட்டார், டிக்கெட்டோடு வந்து நிற்பார். தாரணி பிறந்ததும் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்காமல், பிறப்புப் பதிகிற ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "தாரணின்னு வெச்சாச்சு" என்றார். அம்புஜம் மங்கை என்று வைக்க நினைத்திருந்தாள். நான் அதை அவரிடம் சொன்னபோது, "சொல்லியிருக்கலாமே" என்றார்.

அம்புஜத்துக்கு முப்பத்தாறு வயதில் மாதப்போக்கு நிற்காமல் போக ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கர்ப்பப்பையில் கட்டி. கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் திரும்ப வரலாம், கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தொந்தரவு இருக்காது, வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்று டாக்டரம்மா கோவிந்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்களாம். அவர் வீட்டில் பேசவில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டார். கட்டிலில் கிடந்தவளிடம் வந்து கட்டியை எடுக்கப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னார். ஆபரேஷன் முடிந்து அவளுக்கு நினைவு வருவதற்குள் இரண்டாவது ஷிப்டுக்குப் போய்விட்டார்.

தாரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்புஜம் இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருந்தாள், மாரியம்மன் கோயிலில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். அது எனக்குத் தெரியும். மாமியார் இல்லை, சின்னம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், பத்தியம் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. என் பெரிய மகளுக்குப் பிரசவ நேரம் என்று நான் ஆம்பூரில் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு நாள் வந்து பன்னும் திராட்சையும் வைத்துவிட்டுப் போனேன். ஒன்பதாவது நாள் அவள் காக்ஸ் டவுனில் மூன்று மாடி ஏறிப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து ஒரு மாதம் இழுத்தது.

என்ன எடுத்தார்கள் என்பது அவளுக்கு ஒரு மாதத்துக்குள் தெரிந்துபோனது. புண்ணுக்கு மருந்து வைக்கப் போன இடத்தில் நர்ஸ் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். அம்புஜம் என்னிடம் வந்து சொன்னாள். அழவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஒரு பெண் இருக்கிறாளே, போதும் விடு என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவில்லை. அவரிடம் எப்போதுமே எடுக்கவில்லை.

கெம்பி வந்தது வெகுகாலம் கழித்து. தாரணி கல்யாணமாகி அத்திபெலேக்குப் போன பிறகு, மழையில் சாக்கடை ஓரம் கிடந்த நாய்க்குட்டியை அம்புஜம் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். செம்மண் நிறம். அதனால் கன்னடத்தில் கெம்பி என்று கூப்பிட்டாள். வருஷத்துக்கு இரண்டு முறை அது பருவத்துக்கு வரும்போது உள்ளே கட்டிப்போட்டு, வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்து ஆண் நாய்களை விரட்டுவாள். ஒரு முறை ஏமாந்து நான்கு குட்டி போட்டது. எல்லாவற்றையும் வீடு தேடிக் கொடுத்தாள்.

ஒருநாள் தெருநாய்களை ஆபரேஷனுக்குப் பிடித்துப் போகிற வண்டி எங்கள் சந்துக்கு வந்தது. வீட்டு நாயையும் கொடுக்கலாம், செலவில்லை, திருப்பி விட்டுவிடுவோம் என்றார்கள். அம்புஜம் கெம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வாசலை மறித்து நின்றாள். நான் அப்போது அங்கே இருந்தேன். கோவிந்தப்பா ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்காரனைப் பார்த்துத்தான் அவள் சொன்னாள்.

"அதுகிட்ட கேட்டீங்களா? கேக்காம அறுக்கறதெல்லாம் எங்களோட போவட்டும்பா."

கோவிந்தப்பா ஷூ நாடாவைக் கட்டி முடித்தார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

அம்புஜம் போன வருஷம் ஆடியில் செத்துப்போனாள். சர்க்கரை, அப்புறம் கிட்னி. அவரும் அதே வருஷம்தான் வேலையை விட்டு வந்தார். லைன் வீட்டில் ஒற்றை அறை, ஒரு மனிதர், ஒரு நாய். நான் இருப்பது அடுத்த வரிசையில் என் மகனோடு. அவர் அதுவரை கெம்பியைத் தொட்டதே இல்லை. அம்புஜம் போன பிறகு, அது அவள் படுத்த இடத்திலேயே சாப்பிடாமல் கிடந்தபோது, பாலில் பன்னைத் தோய்த்துக் கையில் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கழிவறைக்குப் போனால்கூட அது வெளியில் உட்கார்ந்திருக்கும்.

கார்த்திகையில் கெம்பி மறுபடி பருவத்துக்கு வந்தது. தரையெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம். லிங்கராஜபுரம் வரைக்கும் யார் போய்ச் சொன்னார்களோ, ஏழெட்டு ஆண் நாய்கள் கேட்டுக்கு வெளியே முகாம் போட்டன. ஒன்றோடொன்று கடித்துக்கொண்டன. தண்ணீர் பிடிக்கப் போன ஒரு பெண்ணின் சேலையை ஒரு நாய் இழுத்துக் கிழித்தது. கோவிந்தப்பாவுக்குச் சொம்போடு உட்காரத் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

வீட்டுக்காரர் சுந்தரேசன் வந்தார். அவரும் வயதானவர்தான், சண்டைக்கு நிற்கிற ஆள் இல்லை. சந்துமுனையிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார்.

"கோவிந்தப்பா, உங்க வூட்டுப் பொண்ணு வயசுக்கு வந்திருக்குன்னு ஊரே சீர் எடுத்துக்கினு வந்திருக்கு. நான் எங்க போயி நிக்கறது?"

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, மாசக் கடைசிக்குள் ஒரு வழி செய்யச் சொன்னார். நாயா, வீடா என்று முடிவு செய்துகொள் என்பதுதான் பேச்சின் சாரம்.

தாரணிக்குப் போன் போட்டார். அவள், இதற்குத்தான் எத்தனை நாளாகக் கூப்பிடுகிறேன், மாடியில் அறை சும்மா கிடக்கிறது, ஆபரேஷன் பண்ணிவிட்டு நாயையும் கூட்டிக்கொண்டு வா என்றாள். எப்போது என்று அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. மறுநாளே என்னிடம் வந்து, "அக்கா, நாயப் புடிச்சிக்க ஒரு ஆள் வேணும்" என்றார். கெம்பிக்கு அவரைத் தவிர என்னிடம் மட்டும்தான் பழக்கம். ஆட்டோவில் நானும் போனேன்.

டாக்டர் பெயர் ரக்ஷிதா. சின்னப் பெண், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். கெம்பியின் வாலைத் தூக்கிப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டாள்.

"அங்கிள், ஈகா... இப்ப வேண்டாம். ஹீட்ல இருக்கு. உள்ள நரம்பெல்லாம் ரத்தம் ஏறி ஊதிப்போயி இருக்கும், பிளீடிங் ஜாஸ்தி ஆவும். ரெண்டு மாசம் கழிச்சி வாங்க. அதுவரைக்கும் உள்ள கட்டிப்போடுங்க."

மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். மகள் வீட்டுக்குத்தானே போகிறீர்கள், அங்கே கட்டிப்போடலாமே என்று அவள் கேட்டாள். ஆபரேஷன் ஆகாமல் மகள் சேர்க்கமாட்டாள் என்றார். தாரணி அப்படிச் சொல்லவில்லை. போன் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும், நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த நாய்க்கூட்டம் ஒழிந்தால் போதும் என்றிருந்தது.

டாக்டர் கொஞ்சநேரம் யோசித்தாள். செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஆபத்து அதிகம், புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். ரத்தப் பரிசோதனை செய்தாள். மறுநாள் காலை வெறும் வயிற்றில் கூட்டிவரச் சொன்னாள். மறுநாள் ஒரு தாளை நீட்டினாள். அவர் பேனாவை வாங்கினார். பெயரில் பாதியை எழுதிவிட்டு நிறுத்தினார். கெம்பி பெஞ்சுக்கு அடியில் அவர் செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. மீதிப் பாதியையும் எழுதினார்.

முக்கால் மணிநேரம் என்றார்கள். இரண்டு மணிநேரம் ஆனது. டாக்டர் வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. ரத்தம் அதிகம் போனது, நரம்பைக் கட்டி நிறுத்திவிட்டேன், இப்போது பரவாயில்லை என்றாள். என்னென்ன செய்ய வேண்டும் என்று அடுக்கிச் சொன்னாள். கழுத்தில் இந்தப் பிளாஸ்டிக் வளையம் இருக்கட்டும், தையலை நக்கவிடக்கூடாது. குதிக்கவிடக்கூடாது. வாசனை இன்னும் சில நாள் இருக்கும், ஆண் நாய் கிட்டே வரக்கூடாது. வேளாவேளைக்கு மாத்திரை. லேசான சாப்பாடு, காரம் வேண்டாம்.

அதற்குப் பிறகு கோவிந்தப்பாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தையலை மூட அவருடைய கம்பெனிச் சட்டை ஒன்றைக் கத்தரித்துக் கெம்பிக்குப் போட்டுவிட்டார். முதுகில் கம்பெனி பெயர். எதிர்வீட்டுப் பெண், இது எந்த ஷிப்டு என்று கேட்டாள். அவர் சிரித்தது அன்றைக்குத்தான். மற்றபடி பாயைத் தரையில் விரித்து நாய்க்குப் பக்கத்திலேயே கிடந்தார். மயக்கம் தெளிகிறபோது அது நடுங்கி முனகிப் பாயிலேயே சிறுநீர் விட்டது. அவர் துடைத்தார், பாயை மாற்றினார், மறுபடி துடைத்தார். ஆணாகப் பிறந்தவர் அந்தக் குடும்பத்தில் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார். நாய்க்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்கவில்லை. இப்படிக் கேட்டார்.

"அக்கா, அம்புஜத்துக்கு அப்ப இன்னா குடுத்திருக்கணும்?"

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பூண்டுதான் முதலில். வேளைக்கு இரண்டு முழுப் பூண்டை உரித்துக்கொள்ளுங்கள், கை நிறையச் சின்ன வெங்காயம், நல்லெண்ணெயில் சுருள வதக்கி, மஞ்சள் சேர்த்துக் குழம்பாக வைத்துக் குழைந்த சோற்றில் பிசையுங்கள். புண் ஆறும், வயிறு சுருங்கும், ரத்தம் ஊறும். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கும் அறுத்துக் கிடந்தவளுக்கும் அதுதான் சாப்பாடு. மிளகு போடலாமா என்றார். டாக்டர் காரம் வேண்டாம் என்றாளே, மிளகு மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். பெரிய புத்திசாலி மாதிரி.

கெம்பி முதலில் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. அவர் கோழிச் சாற்றை ஊற்றிப் பிசைந்து, உருண்டை உருண்டையாக வாயில் வைத்தார். அவருக்காகத் தின்றது. தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். அந்தச் சந்து முழுக்கப் பூண்டு வாசனை.

மூன்றாம் நாள் தாரணி பார்க்க வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினவள் அப்படியே நின்றாள். உள்ளே அப்பா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா இது?"

"பத்தியம். பெரியம்மா சொன்னாங்க."

அவள் அடுப்பிலிருந்த சட்டியைப் பார்த்தாள். சட்டை போட்டுக் கிடந்த நாயைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு நான் வெச்சேன். பன்னெண்டு வயசுல. பூண்டு தீஞ்சி போச்சி. நீ ஷிப்டு முட்ச்சி வந்து, வூடெல்லாம் நாறுதுன்னு ஜன்னலத் தொறந்து வுட்ட. ஞாபகம் இருக்கா?"

அவர் நசுக்குவதை நிறுத்தவில்லை. தாரணி நாயின் தலையைத் தடவினாள். டாக்டர் இரண்டு மாசம் பொறுக்கச் சொன்னதை நான் உளறிவிட்டேன். அவள் திரும்பி அவரைப் பார்த்து, "ரெண்டு மாசம் கழிச்சி பண்ணியிருந்தா நான் வேணாம்னா சொன்னேன்? ஒரு வார்த்த கேட்டா இன்னாப்பா?" என்றாள். காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். அன்று அவர் பூண்டை இன்னும் ஒன்று கூட்டினார் என்று பிற்பாடு சொன்னார்.

ஆறாம் நாள் காலையில் கெம்பி எழுந்திருக்கவில்லை. தையலில் ஈரம் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் ஓடி வந்தது மாதிரி மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத்தாள். படுத்தபடியே விட்ட சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறம். உள்ளே கட்டு அவிழ்ந்துவிட்டது, பருவத்தில் அறுத்த பாவம் என்று நினைத்துத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன், என் வயதுக்கு அது ஓட்டம்தான்.

டாக்டர் தையலை அழுத்திப் பார்த்தாள். மிஷின் வைத்து வயிற்றுக்குள் பார்த்தாள். உள்ளே ரத்தம் இல்லை. அவள் முகம் குழம்பியது. சிறுநீர் நிறத்தைக் கேட்டுவிட்டு, என்ன ஊட்டா, என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது, அந்த நிலைமையிலும், குரலில் ஒரு பெருமை இருந்தது. நானே உரித்தேன், நானே வதக்கினேன், ஒரு வேளை தவறவில்லை என்றார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசையில் வைத்தாள்.

"பூண்டா? வெங்காயமும்? அஞ்சு நாளா?"

"காரமே போடல டாக்டர்."

"அங்கிள், நாய்க்கு அது விஷம். ரத்தத்துல இருக்கற செல்ல ஒடைச்சிடும். ஆபரேஷன்லயே ரத்தம் போன ஒடம்பு. ஒரு போன் பண்ணி கேக்கக்கூடாதா?"

நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். அவள் என்னைப் பார்த்து, தெரியாமல் செய்தீர்கள் அஜ்ஜி என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் தாத்தா பாட்டி வயதுக்காரர்கள், எங்களை அதற்கு மேல் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. திட்டியிருந்தால் தேவலை. ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினாள். மூன்று நாள் போக வேண்டும், இன்னும் இறங்கினால் வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், ஆள் தேடி வைக்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பகல் வேளை. எதிரே ஒருவன் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தான். அவர் விரலிலிருந்து பூண்டு வாசனை வந்துகொண்டிருந்தது. அப்புறம் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"அக்கா, அன்னைக்கு வண்டிக்காரன் கிட்ட அவ சொன்னாளே. கேக்காம அறுக்கறதுன்னு. அது எனக்குச் சொன்னதா?"

"ஆமா மாப்ளே."

"அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

"ஒரு மாசத்துலயே தெரியும்."

அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பத்தொம்போது வருசம். ஒரு நாளு கூட என்னக் கேக்கலயே."

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

இளநீர்க்காரன் எங்களைப் பார்த்து வேண்டுமா என்று சைகை செய்தான். நான் வேண்டாம் என்று கையாட்டினேன். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவளிடம் போதும் விடு என்று சொன்ன வாய் என்னுடையது. அதை நான் அவரிடம் சொன்னேன். "நீங்க அறுக்கச் சொன்னீங்க, நான் போதும் வுடுன்னு சொன்னேன். ரெண்டு பேரும் அவளக் கேக்கல" என்றேன். அவர் அழுதார். துண்டை எடுத்து முகத்தை மூடவில்லை, அப்படியே தெருவைப் பார்த்து அழுதார். அம்புஜம் செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

மூன்று நாளும் காலையில் போய், டாக்டர் கடையைச் சாத்துகிறவரை கூண்டுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றையும் கேட்டார். தண்ணீர் வைக்கலாமா, எவ்வளவு, தொடலாமா, எங்கே தொடலாம். அந்தப் பெண்ணும் சலிக்காமல் பதில் சொன்னாள். இரண்டாம் நாள் ரத்தம் இன்னும் இறங்கியிருந்தது. ரத்தம் கொடுக்க ஒரு பெரிய நாயை யாரோ கூட்டிவரத் தயாராக இருந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பரிசோதித்துவிட்டு, இறங்குவது நின்றிருக்கிறது, இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றாள் டாக்டர். மறுநாள் ஈறில் ஒரு ரோஜா நிறம் வந்தது. எனக்கு முதலில் தெரியவில்லை. அவர் காட்டிய பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்த கெம்பி அவர் கையிலிருந்து சாப்பிடவில்லை. அவர் விரல் கிட்டே வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும். நான் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தால் எழுந்து நக்கும். டாக்டர் சொன்னபடி வெறும் சோறு, வேகவைத்த கோழி, உப்புகூட இல்லை. அவர் சமைப்பார், நான் கொண்டுபோய் வைப்பேன். அவர் கதவோரத்தில் நின்று பார்ப்பார். எலுமிச்சம்பழம் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "அதுக்கு மறக்கட்டும்னு இருக்கேன்" என்றார். நான் இன்னும் பழம் வாங்கிக் கொடுத்தேன்.

சுந்தரேசன் மாசக் கடைசியில் வந்தார். எலும்பும் தோலுமாகக் கிடந்ததைப் பார்த்தார். உயிர் பிழைக்கட்டும், வீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு மாசம் கொடுத்திருப்பார். அதையும் யாரும் கேட்கவில்லை.

தையல் பிரித்து, உடம்பு தேறி, நடக்கிற அளவுக்கு வந்தபோது தை பிறந்துவிட்டது. தாரணி தன் கணவருடன் டெம்போ எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டில், பீரோ, இரண்டு மூட்டை. சாமான் ஏற்றுகிறதற்கு முன்னால் கோவிந்தப்பா அவளை அறைக்குள் கூப்பிட்டார். நான் வெளியே போக எழுந்தேன், இருங்கள் அக்கா என்றார். கையெழுத்துப் போட்டதை, கட்டி என்று மட்டும் சொன்னதை, எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், அவருக்கு நீட்டிப் பேசத் தெரியாது.

தாரணி கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மாவுக்கு இன்னொரு புள்ள வேணும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சி. எனக்குத் தெரியும்."

அவள் எழுந்துபோய் மூட்டையைத் தூக்கி டெம்போவில் வைத்தாள். கெம்பியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். அவர் பின்னால் சாமான்களோடு உட்கார்ந்து போனார். நானும் அந்தக் கேட்டருகே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மாசம் ஒருமுறை என் மகன் என்னைப் பைக்கில் கூட்டிப்போய் அவர்களைக் காட்டுகிறான். தாரணி இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மேலே போய்விடுகிறது. போன முறை போனபோது அவர் கீழே வந்து, நாளைக்கு உளுந்து ஊறவைக்கட்டுமா என்று அவளைக் கேட்டார். வேண்டாம் என்றாள். சரி என்று மாடி ஏறினார்.

கோவிந்தப்பா இப்போது அத்திபெலேயில், மகள் வீட்டு மாடியில், தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில் இருக்கிறார். கெம்பியும் அங்கேதான் இருக்கிறது.